முப்பத்தாறு பிள்ளைகளுக்கு ஓர் ஆயா

எங்கள் வீட்டில் நிறத்துக்கு நிறையச் சொற்கள் இருந்தன. சிவப்பு, நல்ல சிவப்பு, புதுநிறம், மாநிறம், கறுப்பு. இவற்றோடு 'கறுப்புன்னு சொல்லிட முடியாது' என்று இன்னொன்று. பெண் பார்க்க வருகிறவர்களிடம் சொல்வதற்காகப் பாட்டி அக்காவுக்கென்றே வைத்திருந்த நிறம் அது. பள்ளி விளையாட்டுப் போட்டி முடிந்து வரும் நாட்களில் வாசலிலேயே பாட்டியின் குரல் கேட்கும்: "எப்படிக் கருத்துப் போயிட்டா பாரு." மழைக்காலத்தில் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே கிடந்தால், "இப்பத்தான் கொஞ்சம் வெளுத்து வந்திருக்கா."

இந்த இரண்டு வினைகளையும் கொஞ்சம் கவனியுங்கள். கருத்துப் போவது, வெளுத்து வருவது. ஒன்று நஷ்டக் கணக்கு, இன்னொன்று வரவு. இந்தப் பேரேட்டை யார் எழுதி வைத்தார்களோ, தோலுக்குள் நடப்பதற்கு நேர் எதிராக எழுதி வைத்திருக்கிறார்கள். தோலில் கறுப்புதான் உண்டாக்கப்படுகிற பொருள். கூப்பிட்டால் வருவது, தேவைக்குத் தக்கபடி தயாராவது. வெள்ளை என்பது அந்தத் தயாரிப்பு குறைவாக இருப்பது, அல்லது நின்றுபோனது.

இதையெல்லாம் நான் அறிவியல் ஆர்வத்தில் தேடிப் படிக்கவில்லை. 2017-இல் அம்மாவின் கையில் வெள்ளை விழுந்தது. அதன் பிறகு படிக்க வேண்டியதாகிவிட்டது.

அம்மா பிறந்தது ரெங்கம் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். பதினைந்து வயதில் பாட்டியோடு பால்மரம் வெட்டப் போனவர். தோட்டம் செம்பனைக்கு மாறி, லயங்கள் காலியான பிறகு குடும்பம் கூலாய்க்கு வந்தது. செனாயில் தொழிற்சாலை வேலை, கல்யாணம், நாங்கள் இருவர். அப்பா போன பிறகு தாமான் முனையில் ஓர் ஒட்டுக்கடை. விடியற்காலை நாலரை மணிக்கே கடை திறந்துவிடும். சிங்கப்பூருக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள்தான் முதல் வியாபாரம். உளுந்து வடை, தோசை, நாசி லெமாக் பொட்டலம், தேத்தண்ணி. அம்மா கையால்தான் எடுத்துக் கொடுப்பார். இடுக்கி வைத்து எடுத்தால் வடை உடையும் என்பது அவர் கட்சி.

முதலில் விரல் முட்டிகளில் அரிசி அளவு. அப்புறம் இரண்டு மணிக்கட்டிலும், வாயைச் சுற்றியும். வலி இல்லை, அரிப்பு இல்லை, செதில் இல்லை. சுண்ணாம்பு தொட்டு வைத்த மாதிரி வெள்ளை, அவ்வளவுதான். யாரும் எதுவும் சொல்லவில்லை. "அக்கா, நானே எடுத்துக்கிறேன்" என்று சிலர் சொல்ல ஆரம்பித்தார்கள். பிறகு சிலர் வண்டியை நிறுத்தாமலே போனார்கள். ஏழு மணிக்குள் காலியாகிற வடைத் தட்டில் எட்டு மணிக்கும் வடை இருந்தது. அம்மா ஒரு பெட்டி பிளாஸ்டிக் கையுறை வாங்கினார்.

கறுப்பு வேண்டாம் என்று சொன்ன அதே ஊர்தான் வெள்ளையைப் பார்த்ததும் விலகியது. இதை வைத்து ஒரு நல்ல நக்கல் வசனம் எழுதிவிடலாம். வீட்டில் அப்போது யாருக்கும் நக்கல் வரவில்லை.

சொல்தான் முதல் நோய் என்று சில நேரம் தோன்றுகிறது. மலாய்க்காரர்கள் இதைச் 'சோப்பாக்' என்பார்கள், திட்டவும் அந்தச் சொல் உதவும். நம்மவர்கள் 'வெண்குஷ்டம்' என்பார்கள். குஷ்டம் என்று காதில் விழுந்ததும் பாட்டிக்கு ஓர் ஊர் ஞாபகம் வந்தது: சுங்கை பூலோ. 1930-இல் அங்கே திறக்கப்பட்ட தொழுநோயாளர் குடியிருப்புக்குத் தோட்டங்களிலிருந்து ஆட்களைக் கொண்டுபோன காலத்தில் வளர்ந்தவர் அவர். ஒரு வாரம் அம்மாவுக்குத் தனித் தட்டு வைத்தார். யாரும் சொல்லித் தரவில்லை, அவர் பார்த்து வளர்ந்ததே அதுதான். தமிழ்நாட்டில் வெண்புள்ளிகள் விழிப்புணர்வு இயக்கம் என்ற அமைப்பு, 'வெண்குஷ்டம்' என்ற சொல்லை ஒழித்து 'வெண்புள்ளிகள்' என்று சொல்ல வைக்கவே வருடக்கணக்காகப் பாடுபட்டது. வெறும் சொல்லுக்காகவா இவ்வளவு போராட்டம் என்று கேட்பவர்களிடம் அந்தத் தனித் தட்டைத்தான் காட்டுவேன்.

அரசு மருத்துவமனையில் தோல் பிரிவில் ஓர் இளம் மலாய் மருத்துவர். அம்மா உட்காருவதற்கு முன்பே கேட்டுவிட்டார்: "டாக்டர், இனி குஸ்தா கா?"

"புக்கான், மக்சிக். புக்கான் குஸ்தா."

சொன்னதோடு நிற்கவில்லை. கையுறை போடாமல் அம்மாவின் கையை எடுத்துத் தன் மடிமேல் வைத்துக்கொண்டார். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு நுனியால் வெள்ளையில் ஒரு தொடு, வெள்ளை இல்லாத இடத்தில் ஒரு தொடு. ஒவ்வொரு தொடலுக்கும் அம்மா "ஆ, ஆ" என்று தலையாட்டினார். தொழுநோய்த் தழும்பில் உணர்ச்சி மங்கும். இதில் மங்காது. பிறகு விளக்கை அணைத்துவிட்டு ஒரு சின்ன ஊதா விளக்கைப் பிடித்தார். இருட்டில் அம்மாவின் கை நீலம் கலந்த வெள்ளையில் பளீரென்று எரிந்தது. வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாத இரண்டு புள்ளிகள் முழங்கையில் இருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. மெலனின் இருந்தால் அந்த ஒளியை விழுங்கியிருக்கும். விழுங்க ஆள் இல்லாத இடமெல்லாம் மின்னியது.

விட்டிலிகோ. உலகத்தில் நூற்றுக்கு ஒருவருக்கு ஏறக்குறைய இருக்கிறது. ஒட்டாது. தைராய்டுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார்கள், இரண்டும் சில பேரிடம் சேர்ந்தே வருமாம்.

அம்மாவுக்கு நான் இதை எப்படி விளக்கினேன் என்றால், ஆயாக்கொட்டகையை வைத்துத்தான். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அது தெரியும். இருட்டோடு பெரட்டுக்குப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் கொட்டகை. ஓர் ஆயா, இடுப்பில் ஒன்று, தொட்டிலில் நாலு, காலடியில் பத்து. தோலின் மேலடுக்கில், அதன் அடித்தளத்தில், வரிசையாகத் தோல் செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. நடுவில் இடைவெளி விட்டு ஒன்றிரண்டு வேறு ஜாதிச் செல்கள்: மெலனோசைட் என்கிற நிறமிச் செல்கள். இவற்றுக்குக் கிளைகிளையாக நீண்ட கைகள் உண்டு. ஒரு நிறமிச் செல் ஏறத்தாழ 36 தோல் செல்களைக் கவனித்துக்கொள்கிறது. ஃபிட்ஸ்பாட்ரிக், பிரெத்னாக் என்ற இருவர் 1963-இல் இந்தக் கூட்டத்தை ஒரே அலகாகப் பார்க்க வேண்டும் என்றார்கள். முப்பத்தாறு பிள்ளைகளுக்கு ஓர் ஆயா.

ஆயா சமைப்பது மெலனின். அதைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி, கிளைக் கைகளின் வழியாக ஒவ்வொரு பிள்ளைக்கும் அனுப்புகிறது. பொட்டலத்துக்கு மெலனோசோம் என்று பெயர். வாங்கிய பிள்ளை அதைக் கண்ட இடத்தில் வைப்பதில்லை. தன் உட்கருவுக்கு மேலே, வெயில் விழும் பக்கமாகப் பார்த்து, ஒரு தொப்பி மாதிரி குவித்துவைக்கிறது. உட்கருவுக்குள்தானே டி.என்.ஏ. இருக்கிறது, அதன் தலையில் வெயில் படக் கூடாது. பால்வெட்டுப் பெண்கள் தலையில் துணியை மடித்துக் கட்டிக்கொள்வார்களே, அப்படி ஒவ்வொரு செல்லும் கட்டிக்கொள்கிறது.

இதில் என்னை மிகவும் உலுக்கியது ஒரு கணக்கு. நிறமிச் செல்களின் எண்ணிக்கை எல்லா மனிதர்களிடமும் ஏறக்குறைய ஒன்றுதான். எங்கள் தாமானில் எதிர் வீட்டுச் சீன அம்மா, மூலை வீட்டு மலாய்க்காரர், நாங்கள், சிங்கப்பூரில் அக்காவின் ஆங்கிலேய மேலாளர், எல்லாருக்கும் அதே அளவு ஆயாக்கள். வித்தியாசம் பொட்டலத்தில். கறுத்த தோலில் பொட்டலம் பெரிது, தனித்தனியாகப் பரவி நிற்கும், சீக்கிரம் கரையாது. வெளுத்த தோலில் சிறிது, கொத்தாகச் சேர்ந்து கிடக்கும், மேலே வருவதற்குள் சிதைந்துவிடும். சமைக்கும் நொதிக்கு டைரோசினேஸ் என்று பெயர். அதுவும் வெளுத்த தோலில் இல்லாமல் இல்லை. பொட்டலத்துக்குள் அமிலத்தன்மை கூடுதலாக இருப்பதால் அடுப்பு சரியாக எரிவதில்லை. அவ்வளவுதான் சங்கதி. இந்த ஒரு அடுப்புக்காகத்தான் இத்தனை நூற்றாண்டுச் சண்டை.

சரி, அடுப்பை எப்போது ஏற்ற வேண்டும் என்று யார் சொல்வது? வெயில் நேராக ஆயாவைத் தட்டி எழுப்புகிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது ஓரளவுக்குத்தான் உண்மை. முக்கியமான உத்தரவு பிள்ளைகளிடமிருந்து வருகிறது. புற ஊதாக் கதிர் பட்டு டி.என்.ஏ. உடையும்போது தோல் செல்லுக்குள் p53 என்ற புரதம் விழித்துக்கொள்கிறது. புற்றுநோய் ஆராய்ச்சியில் அடிக்கடி அடிபடும் பெயர் இது, உடைந்த டி.என்.ஏ.வோடு செல் பெருகாமல் காவல் காக்கும் புரதம். அதுதான் இங்கே தூது எழுதவும் செய்கிறது: ஆல்ஃபா-எம்.எஸ்.எச். என்ற ஹார்மோனைத் தயாரிக்கச் சொல்கிறது. அந்த ஹார்மோன் பக்கத்தில் இருக்கும் நிறமிச் செல்லின் கதவைத் தட்டுகிறது, கதவின் பெயர் MC1R. உள்ளே ஒரு சங்கிலி ஓடி, எம்.ஐ.டி.எஃப். என்ற தலைமை மரபணுவை இயக்கி, டைரோசினேஸ் அடுப்பு எரிகிறது. பாஸ்டனில் டேவிட் ஃபிஷரின் குழு இந்த p53 தொடர்பை 2007-இல் காட்டியது. கதவில் பழுது இருந்தால் கறுப்பு மெலனின் வராமல் செம்மஞ்சள் மெலனின்தான் வரும், செந்நிற முடிக்காரர்கள் பலரிடம் இருப்பது அந்தப் பழுதுதான். ஹார்மோனுக்கு முன்னால் வந்து கதவை அடைத்துக்கொள்ளும் அகௌட்டி என்ற புரதமும் உண்டு. முடுக்கியும் இருக்கிறது, பிரேக்கும் இருக்கிறது.

ஆக, "கருத்துப் போயிட்டா" என்று பாட்டி சொன்ன ஒவ்வொரு தடவையும் என் தோலில் நடந்தது இதுதான்: அடிபட்டவர்கள் குடை கேட்டார்கள், இரண்டு மூன்று நாளில் குடை வந்து சேர்ந்தது. ஜொகூர் பாரு பூமத்திய ரேகையிலிருந்து ஒன்றரை டிகிரி. இங்கே பனிக்காலம் என்று குடையை மடித்து வைக்க ஒரு பருவமும் கிடையாது.

இனி அக்கா.

அம்மாவுக்கு வெள்ளை விழுந்த அதே வருடம் அக்கா தன் முகத்தை வெள்ளையாக்கிக்கொண்டிருந்தாள். பசார் மாலாமில் வாங்கிய சின்ன டப்பா, 25 வெள்ளி. பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று. இரண்டு வாரத்தில் வேலை செய்தது. உண்மையிலேயே வேலை செய்தது, அதுதான் பயங்கரம். கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். பாட்டி அவளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரே குளியலறை அலமாரியில் மேல் தட்டில் அக்காவின் டப்பா, கீழ்த் தட்டில் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த களிம்பு. ஒன்று அடுப்பை அணைக்க, இன்னொன்று அணைந்த அடுப்பை ஏற்ற.

அந்த வருடம் ஜூன் மாதம் நம் நாட்டில் ஒரு விளம்பரச் சண்டை நடந்தது, ஞாபகம் இருக்கும். வாட்சன்ஸ் வெளியிட்ட 'லெஜெண்டா சுன் ராயா' என்ற ஹரிராயா காணொளியில், கறுப்பு மை பூசிய ஒரு பெண் மையைக் கழுவி 'அழகி'யாக மாறுவாள். கண்டனம் வந்ததும் எடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டார்கள். அக்கா அந்தச் செய்தியைப் பகிர்ந்து ஒரு கோபமான பதிவு போட்டாள். இரவு வழக்கம்போல் களிம்பு பூசினாள். எனக்கு அதில் முரண்பாடு எதுவும் தெரியவில்லை. கோபமும் உண்மை, களிம்பும் உண்மை. இருபத்தெட்டு வருடம் கேட்ட பேச்சை ஒரு பதிவா அழித்துவிடும்?

என்.பி.ஆர்.ஏ., அதாவது நம் நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு முகமை, தடை செய்த அழகுப் பொருட்களின் பெயர்களை அவ்வப்போது வெளியிடும். படித்துப் பாருங்கள், திரும்பத் திரும்ப அதே நாலைந்து பெயர்கள்: பாதரசம், ஹைட்ரோகுயினோன், டிரெட்டினாயின், பீட்டாமெத்தசோன். டைரோசினேஸ் நொதி வேலை செய்ய அதன் நடுவில் செம்பு அணுக்கள் வேண்டும். பாதரசம் அந்த இடத்தைக் கெடுத்து நொதியை முடக்கிவிடும். ஹைட்ரோகுயினோன் நொதிக்குப் போலிச் சாப்பாடு கொடுத்து ஏமாற்றும். கடைசிப் பெயர் ஸ்டீராய்டு, தோலை மெலிதாக்கிச் சிவக்க வைக்கும், அதை நாம் 'பளபளப்பு' என்போம். பாதரசம் தோலோடு நிற்பதில்லை. கேரளத்தில் கோட்டக்கல்லில் 2021-க்கும் 2023-க்கும் இடையில் சிறுநீரில் புரதம் கசியும் ஒருவகைச் சிறுநீரகக் கோளாறோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அரிதான ஒரே துணைவகை. அந்த 15-இல் 13 பேர் வெண்மைக் களிம்பு பூசியவர்கள்.

அக்கா ஐந்தாவது மாதம் நிறுத்தினாள். முகம் எரிந்தது, வெயிலில் நிற்க முடியவில்லை. நிறுத்திய பிறகு கன்னங்களில் முன்பைவிடக் கறுப்பாகத் திட்டுத் திட்டாக வந்தது. இதுவும் அதே கணக்குதான். புண்பட்ட தோல் தூது அனுப்பிக்கொண்டே இருக்கும். பிரேக்கை எடுத்ததும் முடுக்கி மட்டும் மிஞ்சும்.

அக்காவின் கதையும் அம்மாவின் கதையும் வேறு வேறு என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன், ஜப்பானில் நடந்ததைப் படிக்கும்வரை. கானெபோ என்ற பெரிய நிறுவனம், பசார் மாலாம் சரக்கு இல்லை, அரசு அங்கீகாரத்தோடு ரோடோடென்ட்ரால் என்ற பொருளைச் சேர்த்து வெண்மைக் களிம்புகள் விற்றது. 2013 ஜூலையில் 54 பொருட்களைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. பூசியவர்களின் முகத்திலும் கழுத்திலும் கையிலும் திட்டுத் திட்டாக வெள்ளை. பாதிக்கப்பட்டவர்கள் 19,000 பேருக்கு மேல். நடந்தது என்னவென்றால், ரோடோடென்ட்ரால் டைரோசினேஸை ஏமாற்ற வந்த போலிச் சாப்பாடு. ஆனால் நொதி அதையும் சமைத்துவிட்டது. சமைத்ததில் வந்தது விஷம். விஷம் ஆயாவையே கொன்றது. மெலனின் தயாரிப்பே ஆபத்தான வேலை, நடுவில் வரும் பொருட்கள் செல்லைச் சுடக்கூடியவை என்பதால்தான் பொட்டலத்துக்குள் பூட்டிச் சமைக்கிறது. அந்த அடுப்பில் கண்டதைப் போட்டால் வீடு பற்றும். எந்தச் செல் அதிகம் உழைத்ததோ அதற்குத்தான் அதிக விஷம்.

இன்னும் பின்னால் போனால் ஒரு ரப்பர் கதை. 1939-இல் அமெரிக்காவில் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலை. தொழிலாளர்களின் கைகள் வெளுத்தன, சரியாகக் கையுறை மூடும் உயரம்வரை. அவர்களில் பலர் கறுப்பினத்தவர்கள் என்பதால் வெளுப்பு பளிச்சென்று தெரிந்தது. ஆலிவர், ஷ்வார்ட்ஸ், வாரன் என்ற மூன்று மருத்துவர்கள் துருவிப் பார்த்தார்கள். குற்றவாளி ரப்பர் கையுறைதான். பால் இல்லை, ரப்பர் கெடாமல் இருக்க ஆலையில் சேர்த்த மோனோபென்சோன் என்ற ரசாயனம். கையுறையை மாற்றியதும் நிறம் மெல்லத் திரும்பியது. பிற்பாடு அதே பொருளை மருத்துவர்கள் மருந்தாக்கிக்கொண்டார்கள்: உடம்பு முழுக்க வெண்புள்ளி பரவியவர்களுக்கு, மிச்சம் இருக்கும் நிறத்தையும் எடுத்துவிட. அந்தக் காலத்தில் உலகத்துக்கு அதிகம் ரப்பர் கொடுத்தது மலாயாதான் என்பதை இங்கே ஒரு ஓரமாக எழுதிவைக்கிறேன்.

அம்மாவிடம் இதைச் சொன்னதும் தன் கையுறைப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். "இதுலயுமாடி?" இல்லை, இது வெறும் பிளாஸ்டிக். ஆனால் மருத்துவர் வேறு காரணம் சொல்லிக் கையுறையை நிறுத்தச் சொன்னார். உரசும் இடத்தில், காயம்படும் இடத்தில் புதுப் புள்ளி வரலாம். மறைக்கப் போட்டது வளர்த்துக்கொண்டிருந்தது.

அம்மாவுக்கு எந்த ரசாயனமும் காரணமில்லை. அவருக்கு நடந்தது உள்வீட்டுச் சண்டை. நிறமிச் செல் ஏதோ அழுத்தத்தில் தடுமாறியபோது, உடம்பின் காவல்படையான டி செல்கள் அதை எதிரி என்று அடையாளம் வைத்துக்கொண்டன. வந்து கொன்றன. இதில் ஒரு கொடுமை உண்டு. டி செல்கள் காமா இன்டர்ஃபெரான் என்ற சமிக்ஞையைத் தூவ, அதைக் கேட்ட தோல் செல்கள் CXCL10 என்ற அழைப்பை அனுப்புகின்றன. அந்த அழைப்பில் இன்னும் டி செல்கள் வருகின்றன. குடை கேட்டுத் தூது அனுப்பிய அதே பிள்ளைகள்தான், ஆயாவைத் தேடி வருகிறவர்களுக்கு வழி காட்டுகிறார்கள். அவர்களுக்குத் தெரியாது, பாவம். இந்தச் சமிக்ஞைப் பாதையை அடைக்கிற ருக்சோலிட்டினிப் களிம்பை 2022-இல்தான் அமெரிக்காவில் வெண்புள்ளிக்கு அனுமதித்தார்கள்.

அம்மாவுக்குக் கிடைத்தது வெளிச்சம். குறுகிய பட்டைப் புற ஊதா பி, 311 நானோமீட்டர். ஆம்ஸ்டர்டாமில் 1997-இல் வெண்புள்ளிக்கு இது பலன் தருகிறது என்று எழுதிய பிறகு உலகெங்கும் பரவிய சிகிச்சை. ஆள் உயரத்துக்கு ஒரு பெட்டி, சுற்றிலும் குழல் விளக்குகள், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. முதல் நாள் சில விநாடிகள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி நிமிடக் கணக்கு. வாரத்துக்கு இரண்டு நாள் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு, இரண்டு பஸ் மாறி. வாழ்நாள் முழுக்க "வெயில்ல நிக்காதே" என்று எங்களைத் துரத்தியவர், வெயிலில் நிற்பதற்காக வரிசையில் நின்றார். அந்த ஒளி இரண்டு வேலை செய்யும்: காவல்படையை அடக்கும், மிச்சமிருக்கும் நிறமிச் செல்களை எழுப்பும்.

மிச்சம் எங்கே இருக்கும்? முடிக்காலின் அடியில். மேலே கொட்டகையை அழித்தவர்கள் அந்த ஆழத்துக்குப் பெரும்பாலும் போவதில்லை. அங்கே நிறமிச் செல்களின் தாய்ச் செல்கள் ஒளிந்திருக்கும். நாலாவது மாதம், மணிக்கட்டில், வெள்ளைக்கு நடுவில், முடிக்கு ஒன்றாகக் கறுப்புப் புள்ளிகள் வந்தன. மார்கழி விடியலில் பாட்டி வாசலில் வைக்கும் கோலப் புள்ளி மாதிரியே, வரிசை மட்டும் இல்லை. புள்ளிகள் அகன்று ஒன்றையொன்று தொட்டன. அம்மா அடுப்படியிலிருந்து கத்தினார்: "இங்க வாடி, கருத்து வருது!"

'கருத்து வருது'. அந்த வீட்டில் அந்தச் சொற்சேர்க்கையை நான் முதன்முதலாகக் கேட்டேன். பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து கையைப் பிடித்துப் பார்த்தார். "நல்லா கருகருன்னு வருது" என்றார். தனித் தட்டுப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. புதிதாக வந்த நிறம் பக்கத்துத் தோலைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே கறுப்பு. அது அப்படித்தான் வரும், பிறகு சமனாகும் என்றார் மருத்துவர். சமனாக வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை இருந்த மாதிரித் தெரியவில்லை.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. வெளிச்சப் பெட்டி நின்றது. பாலம் மூடியதில் அக்கா சிங்கப்பூரில் மாட்டிக்கொண்டாள். நாலரை மணிக்கு நின்று போகும் மோட்டார் சைக்கிள்களும் இல்லை, கடையும் இல்லை. நாலைந்து மாதத்தில் மணிக்கட்டில் பழைய இடத்திலேயே, பழைய வடிவத்திலேயே வெள்ளை திரும்பியது. டி செல்களில் சில, சண்டை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் தோலிலேயே தங்கி நினைவு வைத்துக்கொண்டிருக்கும். காவல் அசந்தால் அதே இடத்தில் மறுபடி. அம்மா வீடியோ அழைப்பில் அக்காவுக்குக் கையைக் காட்டினார். அக்கா தன் கன்னத்தைக் காட்டினாள், திட்டுகள் மங்கியிருந்தன. இரண்டு பேரும் திரையில் தோலைக் காட்டிப் பேசிக்கொள்வதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எனக்கும் அக்காவுக்கும் ஒரே தாய் தகப்பன், இரண்டு நிறம். தோல் நிறத்தைப் பாதிக்கும் SLC24A5 என்ற மரபணுவை 2005-இல் வரிக்குதிரை மீனில் கண்டுபிடித்தார்கள். அதன் இரண்டு வடிவங்களும் நம்மவர்களிடம் கலந்தே கிடக்கின்றன. ஒரே வீட்டில் சீட்டுக் குலுக்குவது மாதிரிதான். இந்தக் குலுக்கலைத்தான் பாட்டி தரகர்களிடம் விளக்கிக்கொண்டிருந்தார்.

பிறகு ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போனோம். மறுபடி சில விநாடியிலிருந்து. மணிக்கட்டும் வாயைச் சுற்றியும் இப்போது பெரும்பாலும் நிறைந்துவிட்டது. விரல் நுனிகள் நிறையவில்லை. நிறையாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அங்கே முடி கிடையாது, முடி இல்லாத இடத்தில் ஒளிந்துகொள்ள இடமும் கிடையாது. அம்மா அதைச் சலனமில்லாமல் கேட்டுக்கொண்டார். கடை மறுபடி நடக்கிறது, கையுறை இல்லாமல். சிலர் திரும்பி வந்தார்கள், சிலர் வரவில்லை.

வெள்ளை விரல்களுக்குக் குடை இல்லை என்பதால் வெயிலில் சுட்டுவிடும், பகலில் கடை ஒதுக்கும்போது சன்ஸ்கிரீன் பூசச் சொன்னார்கள். அம்மாவின் ஐம்பத்தாறு வயதில் முதல் சன்ஸ்கிரீன். அக்கா சிங்கப்பூரிலிருந்து வாங்கி வருவதாகச் சொன்னாள். போன வாரம் கொண்டுவந்தாள். டப்பாவின் பின்பக்கத்தில் உள்ளடக்கத்தை எழுத்தெழுத்தாகப் படித்துத்தான் வாங்கினாளாம். முன்பக்கத்தில் பொடி எழுத்தில் 'வொயிட்டனிங்' என்று இருந்ததை வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தாள். ரசீது இருக்கிறது, நாளைக்கு வேலை முடிந்து வரும்போது மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று எடுத்துப் போயிருக்கிறாள்.